கல்லுச்சாமியும் கப்பல் ராசாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. முதல்லயே சொல்லிடறேன், நான் தமிழ் இலக்கியம் படிச்சவன் இல்லை. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதுற பெருங்கூட்டத்துல ஒருத்தன். புறநானூறு படிச்சது கூட உரையோடதான். தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும் :)

சொந்த ஊர் சிவகிரி. ஈரோடு பக்கத்து சிவகிரி இல்லை, சங்கரன்கோவில் பக்கத்து சிவகிரி. ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, மேற்கே மலையை ஒட்டி இருக்கும். 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்னு சொல்லிக்கிட்டிருந்தோம், இப்போ தென்காசி மாவட்டம். (ஆனாலும் வாயைத் திறந்தா திருநெல்வேலின்னுதான் வருது.)

எங்க தோட்டத்து வடக்கு வரப்புல ஒரு கல் நிக்குது. முழங்கால் உயரம்தான். எண்ணெய் தடவித் தடவி கறுத்துப்போய், உத்துப் பார்த்தா ஒரு ஆள், கையில கம்பு மாதிரி ஏதோ ஒண்ணு. அவ்வளவுதான் தெரியும். எழுத்து கிடையாது. வீட்டுல எல்லாரும் 'கல்லுச்சாமி'ன்னு சொல்லுவோம். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாயங்காலம் இவருக்கு ஒரு பொங்கல், ஒரு சுருட்டு, ஒரு பாட்டில். அந்தக் காலத்துல கள்ளுக்கலயம் வச்சாங்களாம். 1987ல கள்ளுக்குத் தடை வந்த பிறகு சாமியும் சீசாவுக்கு மாறிட்டாரு.

கதை இதுதான்: எப்பவோ ராத்திரியில மாடு களவாட ஆளுங்க வந்திருக்காங்க. காவலுக்குப் படுத்திருந்தவர் ஒத்தையா நின்னு சண்டை போட்டிருக்கார். மாடு தப்பிச்சுது, அவர் தப்பிக்கலை. விழுந்த இடத்துல கல் நட்டாச்சு. இதுக்கு மேல விவரம் வேணும்னா பாட்டைத்தான் கேக்கணும். கொடை நடக்கும்போது வில்லுப்பாட்டுல இவர் கதையைப் பாடுவாங்களாம். எங்க தாத்தா (அப்பாவோட அப்பா) வாலிபத்துல அந்த வில்லுப்பாட்டு செட்டுல குடம் அடிச்சவர். செட் கலைஞ்சு, பாட்டுக்காரர் காலமாகி, கடைசியில முழுப்பாட்டும் தெரிஞ்ச ஆளு தாத்தா ஒருத்தர்தான். பேரைக் கேட்டா சொல்ல மாட்டார். "பாட்டுக்குள்ளதான்யா அந்தப் பேரைச் சொல்லணும். சும்மா சொன்னா வந்து நிப்பாரு" என்பார்.

இந்த இடத்துல ஃபிளைட் ஏறுறோம்.

2022ல ஆறு மாசம் ஆன்சைட், இங்கிலாந்துல இப்ஸ்விச்னு ஒரு ஊர். சனி ஞாயிறு ஆனா துணி துவைச்சுட்டு சும்மா கிடப்போம். ஒருநாள் ரூம்மேட் பக்கத்துல சட்டன் ஹூன்னு ஒரு இடம் இருக்கு, 'தி டிக்'னு 2021ல படமா வந்துச்சே அதுன்னு கூட்டிட்டுப் போனான். போய்ப் பார்த்தா புல்லு முளைச்ச மண்மேடு. நாலஞ்சு மேடு. இதுக்கா டிக்கெட்டுன்னு ஆயிடுச்சு.

ஆனா விஷயம் கேட்டதும் வாயடைச்சுப் போயிட்டேன். 1939ல, உலகப்போர் ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, எடித் ப்ரெட்டிங்கிற அம்மா தன் நிலத்துல இருந்த மேட்டைத் தோண்டச் சொல்லியிருக்காங்க. தோண்டினவர் பேசில் பிரவுன், பெரிய படிப்பெல்லாம் இல்லாம தானாவே தொல்லியல் கத்துக்கிட்ட ஆள். உள்ள 27 மீட்டர் நீளக் கப்பல்! மரம் முழுக்க மக்கிப் போச்சு. ஆனா மண்ணுல பலகையோட தடம், வரிசையா துருப்பிடிச்ச ஆணி எல்லாம் அப்படியே இருந்திருக்கு. நடுவுல ஒரு ராசாவுக்கான சாமான்: வாள், கேடயம், தலைக்கவசம், 37 தங்கக் காசு, அப்புறம் நீர்நாய் மாதிரி இருக்குமே பீவர், அதோட தோல் பையில வச்ச ஒரு யாழ். யாழ்னா நம்ம யாழ் இல்லை, அவங்களோட லையர், மேப்பிள் மரத்துல செஞ்சது. செத்துப்போன ராசாவுக்கு வாளோட சேர்த்துப் பாட்டுக் கருவியையும் வச்சு அனுப்பியிருக்காங்க பாருங்க.

உடம்பு மட்டும் இல்லை. மண்ணோட புளிப்புல கரைஞ்சு போச்சாம். பேரும் எழுதி வைக்கலை. 624 வாக்குல செத்த ரேட்வால்டுங்கிற ராசாவா இருக்கலாம்னு சொல்றாங்க. 'இருக்கலாம்', அவ்வளவுதான்.

அங்க இருந்தே தாத்தாவுக்கு வாட்ஸப்ல வீடியோ கால் போட்டேன். மேட்டைக் காட்டினேன்.

"இது நம்ம குளத்தங்கரை மாதிரில்லா இருக்கு. உள்ள யாருய்யா?"

"ஒரு ராசா தாத்தா. கப்பலோட புதைச்சிருக்காங்க."

"பேரென்ன?"

"சரியா தெரியாதாம்."

"ஏன்? பாட்டு இல்லையா அவனுக்கு?"

இல்லை போலன்னேன். "அவ்வளவு தங்கத்தையும் போட்டுப் புதைச்சவன் ஒரு பாட்டுக்காரனை வைக்கலையே" அப்படின்னுட்டு சிரிச்சார். பொக்கைவாய்ச் சிரிப்பு. பின்னாடி பம்பு செட் ஓடுற சத்தம்.

அந்தச் சிரிப்புல ஆரம்பிச்சதுதான் எல்லாம். அந்த ராசாவோட சனங்க யாரு, என்ன பாடினாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். கி.பி. 410 வாக்குல ரோமானியர் கையை விட்ட பிரிட்டனுக்கு வடகடல் தாண்டி வந்து குடியேறின கூட்டம் இந்த ஆங்கிலோ-சாக்சன்கள். அவங்க பாட்டுல பெரியது பேவுல்ஃப், 3182 வரி. ஷீமஸ் ஹீனியோட 1999 மொழிபெயர்ப்பை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். பத்துப் பக்கம் தாண்டலை, இதை எங்கயோ கேட்டிருக்கேனேன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு.

அவங்க பாட்டுல ராசாவுக்கு ஒரு பட்டப்பேரு, 'வளையம் குடுக்கிறவன்'. பொன் வளையத்தைக் கையில இருந்து கழட்டி வீரனுக்குக் குடுப்பான். பெரிய கூடம் கட்டி, தேன்ல காய்ச்சின மதுவை ஊத்தி, எல்லாரையும் உக்கார வச்சு விருந்து போடுவான். பாட்டுக்காரன் பழைய வீரன் கதையைப் பாடுவான். குடிச்சுக்கிட்டே வீரனுங்க சபதம் போடுவாங்க. (நம்ம ஆபீஸ்ல வருஷக் கடைசி பார்ட்டியில போடுற சபதம் மாதிரி இல்லை, அங்க செஞ்சு காட்டணும்.) ராசா சண்டையில விழுந்தா அவன் மதுவைக் குடிச்சவன் திரும்பி வரக்கூடாது. நம்மூர்ல செஞ்சோற்றுக் கடன்னு சொல்றோமே, அதேதான். பேவுல்ஃப் வயசான காலத்துல டிராகனோட மோதும்போது கூட வந்தவங்கள்ல பத்துப் பேரு காட்டுக்குள்ள ஓடிடறான். விக்லாஃப்னு ஒரு சின்னப் பையன் மட்டும் நிக்கிறான். நின்னு, ஓடினவனுங்களைப் பார்த்துக் கேக்குற கேள்வி எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான்.

புறநானூற்றுலயும் இதே மணம். பாணனுக்குப் பொன்தாமரை, பாடினிக்குப் பொன்மாலை. நம்ம பொதிகைமலை ஆய் அண்டிரன் யானையா வாரிக் கொடுத்திருக்கான். அதியமான் செத்தபோது ஔவையார் அழுத அழுகை இருக்கே, கொஞ்சமா கள்ளு இருந்தா எங்களுக்கே கொடுத்துடுவானே, நிறைய இருந்தா எங்களைப் பாட விட்டுக் கூட உக்காந்து குடிப்பானேன்னு. ராசாவுக்குப் பாடின இரங்கல் மாதிரியே இல்லை, சேக்காளியைப் பறிகொடுத்தவங்க புலம்பல் மாதிரி இருக்கு. இன்னொண்ணுல, அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலயத்துல கள் படைக்கிறாங்க. நாடே குடுத்தாலும் வாங்காதவன் இந்தக் கள்ளை வாங்கிக்குவானாங்கிறாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு எங்க வடக்கு வரப்பும் பெரியப்பா சீசாவைத் திறந்து ஊத்துறதும்தான் கண்ணுல வந்துச்சு. ரெண்டாயிரம் வருஷமா கலயம் மட்டும்தான் மாறியிருக்கு.

ரெண்டு நாட்டுக்கும் தொடர்பு இருக்குன்னு கதை விட மாட்டேன். காலமே வேற, அவங்க நமக்குப் பல நூறு வருஷம் பின்னாடி. சின்னச் சின்ன ராசாக்கள், ஓயாத சண்டை, எழுத்தை நம்பாம வாயை நம்பின காலம். அப்படி இருந்தா எங்க இருந்தாலும் இப்படித்தான் பாடியிருப்பாங்க போல.

அவங்க சாமிகள்ல பாதியை நாம தினமும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கோம். டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, ஃப்ரைடேன்னு வாரத்துல நாலு நாள் அவங்க பழைய தெய்வங்களோட பேருதான். ஆனா எனக்குப் பிடிச்சது சாமி கதை இல்லை, ஒரு குருவிக் கதை. பீடுங்கிற துறவி 731ல முடிச்ச வரலாற்றுல வருது. 627ல நார்தம்ப்ரியா ராசா எட்வின் கிறிஸ்தவத்துக்கு மாறலாமான்னு சபையைக் கூட்டிக் கேக்கிறான். ஒரு பிரபு சொல்றார்: பனிக்காலத்துல நாம கூடத்துல நெருப்பு மூட்டி உக்காந்திருக்கோம். ஒரு குருவி ஒரு வாசல் வழியா உள்ள வந்து அடுத்த வாசல் வழியா வெளிய போயிடுது. உள்ள இருக்கிற அந்த ஒரு கணம்தான் நம்ம ஆயுசு. முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு யாருக்குத் தெரியும்? நம்ம கணியன் பூங்குன்றனார் இதையே ஆத்து வெள்ளத்துல போற தெப்பமா சொன்னார். வெள்ளம் போற போக்குல தெப்பம். பயம் இல்லை, புலம்பல் இல்லை.

அப்போ மிஞ்சறது என்ன? ரெண்டு பக்கமும் ஒரே பதில்: பேரு. பேவுல்ஃப் பாட்டோட கடைசிச் சொல்லே 'புகழ் மேல தீராத ஆசை உள்ளவன்'ங்கிற அர்த்தம் வர்ற சொல்தான். நம்ம தலையாலங்கானத்து நெடுஞ்செழியன் இன்னும் ஒரு படி மேல. சின்னப் பையன்தானேன்னு எதிரிங்க எகத்தாளம் பேச, அவங்களை ஜெயிக்கலைன்னா என்னென்ன கேடு வரட்டும்னு வஞ்சினம் சொல்றான். அந்தப் பட்டியல்ல ஒண்ணு: மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாம போகட்டும். இதை ஒரு சாபமா நினைக்கிற அளவுக்குப் பாட்டு பெருசா இருந்திருக்கு.

எல்லாத்தையும் நான் கும்பிடலை. மாடு திருடப் போறதையும் வீரம்னு பாடின காலம் அது. புண்ணு முதுகுல பட்டுச்சா நெஞ்சுல பட்டுச்சான்னு போர்க்களத்துல மகன் பிணத்தைப் புரட்டிப் பார்க்கிற தாயைப் பாராட்ட எனக்கு மனசு வரலை. நம்ம முத்துப்பட்டன் கதையும் அப்படித்தான். பாபநாசத்துக்கு மேல, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல ஆடி அமாவாசைக்குப் போனவங்களுக்குப் பட்டவராயனைத் தெரியும், தோல்செருப்பைக் காணிக்கையா கட்டுவாங்க. அவரும் மாடு களவாட வந்தவங்களோட மோதிச் செத்தவர்தான். பொம்மக்காவும் திம்மக்காவும் கூடவே தீயில இறங்கினதைப் பாட்டுல கேட்டா கண்ணு கலங்குது. கலங்குறது வேற, சரின்னு சொல்றது வேற.

ஆனா ஒண்ணு. அந்தக் கதையைக் கேட்டு இப்படி வாதாடவாவது முடியுது. நா. வானமாமலை பதிப்பிச்சதால அது புத்தகமா இருக்கு. நான் பேக்கப் எடுக்கிற தொழில் பண்றவன், அதனால என் புத்தி அங்கதான் போகும். இந்தப் பாட்டெல்லாம் எவ்வளவு மெல்லிசான நூல்ல தொங்கிட்டு வந்திருக்கு தெரியுமா? பேவுல்ஃபுக்கு உலகத்துல ஒரே ஒரு பழைய பிரதி. 1731ல லண்டன்ல அது இருந்த நூலகம் தீப்பிடிச்சு, ஓரமெல்லாம் கருகி, அப்புறம் பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சிருக்கு. 1787 வாக்குல ஐஸ்லாந்துக்காரர் தோர்கெலின் ரெண்டு நகல் எடுத்தார். இன்னைக்கு மூலத்துல உதிர்ந்துபோன பல எழுத்துக்களுக்கு அந்த நகல்தான் கதி. மால்டன் சண்டைன்னு இன்னொரு பாட்டு, 991ல எஸ்ஸெக்ஸ்ல நடந்த நிஜச் சண்டை. தலைவன் விழுந்த பிறகும் ஓடாம நின்னு செத்தவங்களைப் பத்தினது. அந்தப் பிரதி இதே தீயில போயே போச்சு. தீக்குச் சில வருஷம் முன்னாடி ஒருத்தர் உக்காந்து எழுதி எடுத்து வச்சிருந்தாரு. அவ்வளவுதான், பாட்டு பிழைச்சிடுச்சு.

லண்டன் தீயைப் பத்திப் படிச்சு உச்சுக் கொட்டிட்டிருந்த எனக்கு, நம்ம ஊர்த் தீ ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. புறநானூற்றை 1894ல அச்சுல கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். நானூறுல ரெண்டு பாட்டு, 267ம் 268ம், கிடைக்கவே இல்லை. அவரோட 'என் சரித்திரம்' புத்தகத்துல கரிவலம்வந்தநல்லூர் வருது. அட, நம்ம கரிவலம்! சிவகிரியில இருந்து பைக்ல அரை மணி நேரம். அங்க வரதுங்கராம பாண்டியனோட ஏடுகள் கோயில்ல இருக்குன்னு கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கார் மனுஷன். கோயில் ஆளுங்க சொன்ன பதில்: பழைய ஏடுகளைக் கண்ட இடத்துல போடக்கூடாதுன்னு ஆகமம் சொல்லுதாம், அதனால குழி வெட்டி, தீ வளர்த்து, நெய்யில தோய்ச்சு ஆகுதியா போட்டுட்டோம்னு. சின்ன வயசுல பால்வண்ணநாதர் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். எந்த இடத்துல அந்தக் குழி இருந்திருக்கும்னு இப்போ போனா தரையைப் பார்த்துக்கிட்டே நடக்கிறேன். படிச்ச அன்னைக்கு அந்த ஆளுங்க மேல வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதைன்னு இப்போ சொல்றேன்.

2022 பொங்கலுக்கு ஊர்ல இருந்தேன். ஆன்சைட் பேச்சு ஓடிக்கிட்டிருந்த நேரம். தாத்தாகிட்ட கல்லுச்சாமி பாட்டைப் பாடுங்க, ரெக்கார்ட் பண்றேன்னேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. குளிச்சுட்டு வந்து, திருநீறு பூசி, தோட்டத்துல கட்டில்ல உக்காந்தார். குடம் இல்லை, ஒரு எவர்சில்வர் தவலையைக் கவுத்து வச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சார். வில்லுப்பாட்டுல முதல்ல காப்பு பாடணும், பிள்ளையாரைக் கூப்பிடணும், அப்புறம்தான் கதை. காப்பு போயிட்டிருக்கும்போதே ஆபீஸ்ல இருந்து போன். அதே போன்லதானே ரெக்கார்டிங்! "தாத்தா, ஒரு நிமிஷம், கால் வருது" அப்படின்னேன். அது ஒன்றரை மணி நேரம் போச்சு. என்ன பிரச்சினைன்னு இப்போ ஞாபகம் கூட இல்லை. திரும்பி வந்தா தாத்தா தவலையில தண்ணி மோந்து கன்னுக்குட்டிக்கு வச்சுக்கிட்டிருந்தார். "அடுத்த தடவை பாத்துக்கலாம்யா" என்றார். நானும் சரின்னேன்.

அப்புறம் ஜூன்ல இப்ஸ்விச். சட்டன் ஹூ மேட்டுல நின்னு அவ்வளவு பேசிட்டு, ஊருக்குப் போனதும் முதல் வேலை அந்தப் பாட்டுதான்னு நிஜமாவே முடிவு பண்ணினேன். டிசம்பர்ல பெங்களூர் வந்தேன். 2023 பொங்கலுக்கு ரிலீஸ்னு லீவு கிடைக்கலை. மாசியில தாத்தா போயிட்டார். தூக்கத்துலயே. நான் பஸ்ல இருந்தப்பவே தண்ணி ஊத்தி முடிச்சிட்டாங்க.

போன்ல இருக்கிறது 47 வினாடி. தவலைச் சத்தம், பம்பு செட், காப்பு, என் குரல். பேரு வர்ற இடத்துக்கு இன்னும் ரொம்ப தூரம்.

அப்பாவைக் கேட்டா 'முத்து'ன்னு ஆரம்பிக்கும்கிறார். அத்தை இல்லவே இல்லை, மாடன்னு முடியும்கிறாங்க. ரெண்டு பேரும் சின்ன வயசுல பாட்டு நடக்கும்போது தூங்கிட்டாங்களாம். தேனி மாவட்டத்துல ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006ல தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு அங்க நடுகல் கண்டுபிடிச்சாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு, தமிழ்-பிராமி எழுத்து. கூடலூர்ல ஆநிரை கவர்ந்த சண்டையில செத்த தீயன் அந்தவனோட கல்லுன்னு எழுதியிருக்கு. ஒரு வரிதான். அந்த ஒரு வரியில அந்தவன் இன்னமும் இருக்கான். எங்க ஆளுக்கு அது கூட இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு தாத்தா.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு அக்கா பொண்ணு, ஆறு வயசு, பொங்கல் பானையைச் சுத்திச் சுத்தி வந்துட்டு என்கிட்ட கேட்டா: "மாமா, இந்தச் சாமி பேரு என்ன?" பெரியப்பா சீசாவைத் திறந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுருட்டைப் பத்த வைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

கடைசியா ஒரு தகவல். அந்த செட்டுல உடுக்கை அடிச்சவர் ஒருத்தர் வாசுதேவநல்லூர் பக்கம் மகள் வீட்டுல இருக்காராம். எண்பதைத் தாண்டிட்டார், காது சுத்தமா கேக்காது, ஆனா தாளம் தட்டினா வாய் தானா முணுமுணுக்கும்னு சொல்றாங்க. வர்ற சனிக்கிழமை போறேன். போனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, அந்தத் தவலையையும் எடுத்துட்டுப் போறதா இருக்கேன். சங்கரன்கோவில், புளியங்குடி பக்கத்து மக்கள் யாராவது இதைப் படிச்சீங்கன்னா, மாட்டுக் காவல்காரர் கதைன்னு வில்லுப்பாட்டுல எப்பவாவது கேட்டிருந்தீங்கன்னா, பாதி வரி ஞாபகம் இருந்தாலும் பரவாயில்லை, பின்னூட்டத்துல எழுதிப் போடுங்க.